பிபிசி வானொலியில் ‘கறுப்புப் பட்டியல்’ ஒன்று இருந்ததா?

கேள்வி: நள்ளிரவு நேயன்

நண்பர்களுக்கு வணக்கம். மேற்கத்திய செவ்வியல் இசையை நான் ஆசிரியரிடம் பயின்றவன் அல்லன். வானொலியைக் கேட்டுக் கேட்டே அதற்குள் நுழைந்தவன். லண்டனில் மாலை ஏழரைக்குத் தொடங்கும் கச்சேரி கோடையில் நமக்குச் சரியாக நள்ளிரவு 12 மணிக்கு வரும்; குளிர்காலத்தில் அதுவே 1 மணியாகிவிடும். வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மறுநாள் அலுவலகத்தில் கண் எரிவதைப் பொருட்படுத்தாமல், பீத்தோவனையும் மாலரையும் சிபேலியசையும் அப்படித்தான் பழகினேன்.

சென்ற மாதம் ஹேவர்கல் பிரையன் என்ற ஆங்கிலேயரின் எட்டாம் சிம்பொனியைத் தற்செயலாகக் கேட்டேன். இடையில் நிற்காமல் ஒரே பகுதியாக ஏறத்தாழ 25 நிமிடம் ஓடும் அந்தப் படைப்பு மூன்று நாள் என்னை விடவில்லை. அவரைப் பற்றித் தேடிப் படித்தபோது திகைத்துப்போனேன். 1876-ல் பிறந்தவர், 32 சிம்பொனிகள் எழுதியவர், ஆனால் அவற்றில் ஒன்று முதன்முதலாக வாசிக்கப்பட்டது 1954-ல், அவருக்கு 78 வயதானபோது. அதுவும் ஒரு வானொலி ஒலிபரப்புக்காக.

மேலும் தேடியபோது வேறொரு செய்தி கண்ணில் பட்டது. 1959 முதல் 1972 வரை பிபிசியின் இசைத் துறைத் தலைவராக இருந்த வில்லியம் கிளாக், மரபான சுருதி அமைப்பை விடாமல் எழுதிவந்த இசையமைப்பாளர்களை ஒரு கறுப்புப் பட்டியலில் வைத்து ஒதுக்கினார் என்று பலர் குற்றம் சாட்டியிருக்கிறார்கள். ஜார்ஜ் லாய்டு, பெர்தோல்ட் கோல்ட்ஷ்மிட், ஆண்ட்ரே பனூஃப்னிக், எட்மண்ட் ரப்ரா என்று பெயர்கள் அடுக்கப்படுகின்றன. அப்படி ஒரு பட்டியல் உண்மையிலேயே இருந்ததா? இல்லையென்றால், ஒருவர் பாணிக்கும் மற்றவர் பாணிக்கும் உறவே இல்லாத இத்தனை பேர் ஒரே குறையை ஏன் சொன்னார்கள்? சதிக் கதைகள் வேண்டாம். தெரிந்தவர்கள் நடந்ததைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி 1: பழைய ஸ்கோர்

நேயன் அவர்களுக்கு வணக்கம். அந்தப் பட்டியலை இன்றுவரை யாரும் மேசைமேல் கொண்டுவந்து வைத்ததில்லை. அதற்காகக் குறை சொன்னவர்கள் எல்லோரும் வீணாகப் புலம்பினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் பட்டது உண்மை, அதற்கு அவர்கள் கண்டுபிடித்த காரணம்தான் சற்று எளிமையானது.

முதலில் உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பிரையன் காத்திருந்த 78 ஆண்டுகளில் ஓர் ஆண்டுகூடக் கிளாக்கின் கணக்கில் வராது. அவர் பதவிக்கு வந்ததே 1954-க்கு ஐந்து ஆண்டுகள் கழித்து. அதற்கு நேர்மாறாக, பிரையனின் முதல் சிம்பொனியான ‘காத்திக்’, நூற்றுக்கணக்கான பாடகர்களும் ஒரு படையளவு வாத்தியக்காரர்களும் தேவைப்படும் அந்த மலை போன்ற படைப்பு, 1966 அக்டோபர் 30 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஏட்ரியன் போல்ட் தலைமையில் பிபிசியின் சொந்த இசைக்குழுவால் வாசிக்கப்பட்டு ஒலிபரப்பானது கிளாக்கின் காலத்தில்தான். அதை அவர் ரசித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் நடந்தது.

கிளாக் வருவதற்கு முன் யார் வெளியே நின்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பன்னிரு சுர முறையில் எழுதி, பிழைப்புக்குத் திரைப்படப் பின்னணி இசையை நம்பியிருந்த எலிசபெத் லட்யன்ஸ் அவர்களில் ஒருவர். ஸ்பெயினின் உள்நாட்டுப் போருக்குப் பின் கேம்பிரிட்ஜில் அகதியாகக் குடியேறிய கதலோனியர் ராபர்ட்டோ ஜெரார்டு இன்னொருவர். ஷோன்பெர்கும் வெபர்னும் பிரிட்டிஷ் நேயர்களுக்குப் பெயரளவில்தான் தெரிந்திருந்தார்கள். கிளாக் கதவைத் திறந்தது இவர்களுக்கு. 1960-ல் அவர் தொடங்கிய அழைப்புக் கச்சேரிகளில் ஐந்து வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்க மோட்சார்ட் எழுதிய படைப்புகளும் பூலேசின் புதுமையான படைப்பும் ஒரே மாலையில் அடுத்தடுத்து வந்தன. மோட்சார்ட்டின் காலத்தவரான ஹைடனுக்கும் அவர் அதே அளவு இடம் தேடிக் கொடுத்தார். ஜெரார்டு தம் வாழ்நாளின் கடைசிப் பத்தாண்டில் தம் இசையைத் தொடர்ந்து வானொலியில் கேட்க முடிந்ததென்றால் அதற்குக் காரணம் இந்த மனிதர்தான்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்கு 24 மணிநேரம்தான். ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் எழுந்து இடம் விட வேண்டும். அது எந்த நாட்டு வானொலிக்கும் பொருந்தும் என்றாலும் பிரிட்டனில் அதன் விளைவு கொடுமையாக இருந்தது. ஏனென்றால் 1973 அக்டோபரில் தனியார் வானொலிகள் வரும்வரை அந்நாட்டு மண்ணிலிருந்து சட்டப்படி ஒலிபரப்ப பிபிசியைத் தவிர வேறு யாருக்கும் உரிமையில்லை. அதோடு லண்டனிலும் மான்செஸ்டரிலும் ஸ்காட்லாந்திலும் வேல்சிலும் இசைக்குழுக்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்ததும் பிபிசிதான். கோடையில் புரோம்ஸ் கச்சேரித் தொடரை நடத்தியதும் அதுதான். கேட்கவைப்பவர், வாசிக்கவைப்பவர், மேடை போடுபவர் மூவரும் ஒருவரே. அந்த ஒரு வாசலில் “இப்போது வேண்டாம்” என்று சொல்லிவிட்டால் தட்டுவதற்கு அடுத்த வாசல் கிடையாது.

அந்த வாசலில் நடந்த நடைமுறையும் ஒன்றுண்டு. புதிய படைப்புகளின் இசைக்குறிப்புப் படிகளை இசையமைப்பாளர்கள் பிபிசிக்கு அனுப்புவார்கள். இசை வல்லுநர்கள் கொண்ட ஒரு வாசிப்புக் குழு அவற்றைத் தாளிலேயே படித்துக் கருத்தெழுதும். அந்தக் கருத்தை எழுதியவர் யார் என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. திரும்பி வந்த உறையில் மறுப்பு மட்டும் இருக்கும்போது, பெயரில்லாத இடத்தில் ஒரு பெயரை எழுதிப் பார்ப்பது மனித இயல்பு. கிளாக்கின் பெயர்தான் அங்கே முதலில் வந்து நின்றது.

ஒரு சின்னக் கிளைக்கதை. 1961 ஜூனில் ‘பியோத்தர் ஜாக்’ என்ற போலந்து இளைஞரின் ஒலிநாடா மற்றும் தாளவாத்தியப் படைப்பு ஒன்றை மூன்றாம் நிகழ்ச்சி அலைவரிசை ஒலிபரப்பியது. அப்படி ஓர் ஆள் இல்லை. பிபிசியின் ஹான்ஸ் கெல்லரும் பியானோக் கலைஞர் சூசன் பிராட்ஷாவும் ஸ்டூடியோவில் கைக்குக் கிடைத்த தாளவாத்தியங்களை மனம்போனபடி தட்டி எழுப்பிய ஓசைதான் அது. விமர்சகர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அதை உண்மையான படைப்பென்று எடுத்துக்கொண்டே எழுதினார்கள். தட்டுமுட்டுச் சத்தத்துக்குக் கிடைத்த ஒலிபரப்பு நேரம் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று, ஆண்டுக்கணக்கில் சிம்பொனி எழுதி அலமாரியில் அடுக்கிவைத்தவர்கள் கசந்துகொண்டால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.


மறுமொழி 2: வயோலா வாசிப்பவள்

பழைய ஸ்கோர் ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் “நடைமுறை” என்ற சொல் கொஞ்சம் வழவழப்பாக இருக்கிறது. நடைமுறை ஒரு மனிதரின் வாழ்நாளில் எவ்வளவு நேரத்தை விழுங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜார்ஜ் லாய்டு 1913-ல் கார்ன்வாலில் பிறந்தவர். 21 வயதில் அவருடைய முதல் ஆபரா மேடையேறியது. முப்பது வயதுக்குள் மூன்று சிம்பொனிகள். போரின்போது கடற்படை இசைக்குழுவினராக ‘டிரினிடாட்’ என்ற போர்க்கப்பலில் இருந்தார். 1942-ல் ஆர்க்டிக் கடலில் அந்தக் கப்பல் ஏவிய டார்பிடோ ஒன்று திசைமாறித் திரும்பி அதே கப்பலைத் தாக்கியது; உடன் இருந்த பலர் மாண்டார்கள், அவர் உடலும் மனமும் உடைந்து கரையேறினார். தேறுவதற்கே ஆண்டுகள் பிடித்தன. பின்னர் டார்செட்டில் நிலம் வாங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேல் காளானும் கார்னேஷன் பூவும் பயிரிட்டு விற்றார். அதிகாலையில் எழுந்து, தோட்ட வேலை தொடங்குவதற்கு முன் கிடைக்கும் இரண்டு மூன்று மணிநேரத்தில் சிம்பொனி எழுதுவது அவர் வழக்கம். (அறுவடைக்குக் காத்திருக்கும் காளான் படுக்கைகளுக்கு நடுவே சிம்பொனி என்பதை நினைத்தால் எனக்கு என் பயிற்சி நேரத்தைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது.)

அவருடைய எட்டாம் சிம்பொனியைப் பிபிசி 1969-ல் ஒலிபரப்புக்கு ஏற்றுக்கொண்டது. கவனியுங்கள், ஏற்றுக்கொண்டது; மறுக்கவில்லை. அது காற்றில் ஏறியது 1977-ல். எட்டு ஆண்டுகள் ஒரு படைப்பு “ஒப்புதல்” என்ற முத்திரையோடு காத்துக்கிடந்தது. எட்வர்ட் டவுன்ஸ் என்ற இசை நடத்துநர் மான்செஸ்டரில் இருந்த பிபிசி வடக்குக் குழுவைக் கொண்டு அதை வாசித்துக் காட்டிய பிறகு நிலைமை விறுவிறுவென்று மாறியது. இசைத்தட்டுகள் வந்தன, 1981-ல் அவருடைய ஆறாம் சிம்பொனி புரோம்ஸ் மேடைக்கே வந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் இசை மாறவில்லை, தாளில் இருந்த சுரங்கள் அப்படியேதான் இருந்தன.

கோல்ட்ஷ்மிட்டின் கதை இதைவிடக் கனமானது. ஹாம்பர்கில் பிறந்த யூதர். 1935-ல் லண்டனுக்குத் தப்பி வந்தவர். போர்க்காலத்தில் பிபிசியின் ஜெர்மன் சேவையிலேயே இசைப் பொறுப்பில் இருந்தவர். 1951-ல் அவருடைய ‘பியாட்ரிச்சே சென்சி’ என்ற ஆபரா பிரிட்டிஷ் கலை மன்றத்தின் போட்டியில் பரிசு பெற்றது. பரிசு கிடைத்ததோடு சரி, மேடை கிடைக்கவில்லை. 1958-க்குப் பிறகு ஏறத்தாழ கால் நூற்றாண்டு அவர் எழுதுவதையே நிறுத்திவிட்டார். இதில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். மாலர் முடிக்காமல் விட்ட பத்தாம் சிம்பொனியை டெரிக் குக் வாசிக்கத்தக்க வடிவுக்குக் கொண்டுவந்தபோது, 1964-ல் புரோம்சில் அதை முதன்முதலாக முழுமையாக நடத்திக்காட்டியவர் இதே கோல்ட்ஷ்மிட். இறந்துபோனவரின் இசையை எடுத்து நடத்த அவரை நம்பி அழைத்தார்கள். உயிரோடு எதிரே நிற்கும் அவருடைய இசையைக் கேட்கத்தான் நேரமில்லை. அந்த ஆபரா ஜெர்மனியில் மக்டபர்க் நகரில் மேடையேறியபோது ஆண்டு 1994. அவருக்கு வயது 91.

மௌனம் எல்லாமே வானொலியின் கைவேலை என்றும் நான் சொல்லவில்லை. பார்சி தந்தைக்கு எசெக்ஸில் பிறந்த கைகோஸ்ரு சொராப்ஜி, தம் படைப்புகளைப் பிறர் பொதுமேடையில் வாசிப்பதைப் பல பத்தாண்டுகள் தாமே தடுத்துவைத்திருந்து 1976-ல்தான் இசைந்தார். அவர் பெயரையும் சிலர் இந்த வரிசையில் சேர்த்துவிடுகிறார்கள், அது தவறு.


மறுமொழி 3: ஒலிக்கூடத்து ஆள்

ஐயா, அம்மா, இருவரும் பேசுவது ஒற்றை வானொலி இருந்த காலத்தை. பல வானொலிகள் வந்த பிறகு என்ன நடந்தது என்பதை, இந்தத் தொழிலில் கொஞ்சம் கை நனைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பிரிட்டனில் கிளாசிக் எஃப்எம் என்ற தனியார் வானொலி 1992 செப்டம்பர் 7-ல் தொடங்கியது. அதே ஆண்டு வெளிவந்த இசைத்தட்டு ஒன்றில் போலந்துக்காரர் ஹென்ரிக் குரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனி இருந்தது. பாடியவர் டான் அப்ஷா, நடத்தியவர் டேவிட் ஜின்மன். எழுதியது 1976-ல்; பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அதைத் தேடிக் கேட்டவர்கள் சிலரே. அந்த வானொலி திரும்பத் திரும்பப் போட்டதில் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று, பிரிட்டனின் பாப் இசைத்தட்டு வரிசையில் ஆறாம் இடம் வரை ஏறிவிட்டது. உயிரோடிருக்கும் ஒரு சிம்பொனிக்காரருக்கு இது கனவிலும் நடக்காத காரியம்.

ஆனால் ஒலிபரப்பானது எது? மூன்று பகுதிகள் அதில். முதலாவது ஏறத்தாழ 26 நிமிடம், இரண்டாவது 9, மூன்றாவது 17. நேயர்கள் நெஞ்சில் பதிந்தது அந்த ஒன்பது நிமிடப் பகுதி. ஜகோபானே நகரில் கெஸ்டாபோ சிறையறைச் சுவரில் 18 வயதுப் பெண் ஒருத்தி எழுதிவைத்த வேண்டுதலே அதன் பாடல் வரி, உருக்கமானது, ஐயமில்லை. ஆனால் அதற்கும் முன்னால் டபுள் பேஸ்களின் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தந்தி வாத்தியங்கள் ஏறி, நடுவில் ஒரு குரலைத் தாங்கி, மறுபடி படிப்படியாக இறங்கி அடங்கும் அந்த 26 நிமிடம்தான் படைப்பின் முதுகெலும்பு. விளம்பர இடைவேளைக்கு நடுவே அது அடங்காது.

எனக்கே நேர்ந்ததைச் சொல்கிறேன். ஓர் இணைய வானொலியில் வாரம் ஒரு மணிநேரம் மேற்கத்திய செவ்வியல் இசை தொகுத்து வழங்கும் வாய்ப்பு சில காலம் எனக்கு இருந்தது. நிகழ்ச்சித் தாளில் ஒவ்வோர் உருப்படிக்கும் நிமிடம், வினாடி எழுத வேண்டும். ஏழு நிமிடத்துக்கு மேல் போனால் மேலே இருப்பவரின் கையெழுத்து வேண்டும். கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் இந்த முதல் பகுதியை முழுதாகப் போட இசைவு வாங்கினேன். போட்டேன். அடியாழத்து டபுள் பேஸ்கள் மிக மெல்லத் தொடங்குகின்றன அல்லவா? ஒலிபரப்புக் கருவிகளில் மௌனத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு பொறி இருக்கும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஒலி இறங்கிச் சில வினாடிகள் நீடித்தால், நிலையம் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, தயாராக வைத்திருக்கும் மாற்றுப் பாட்டைத் தானாகவே ஓடவிடும். அந்தப் பொறி குரெட்ஸ்கியை மௌனம் என்று முடிவுசெய்து ஒரு குத்துப்பாட்டை எடுத்துவிட்டது. நான் கண்ணாடிக்கு இப்பால் ஹெட்போனில் நேரடி இசையைக் கேட்டுக்கொண்டிருந்ததால், ஏறத்தாழ ஐந்து நிமிடம் எனக்குத் தெரியவே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து விவால்டி.

இங்கே எந்த அதிகாரியும் யார் பெயரையும் அடிக்கவில்லை. மெல்லத் தொடங்கும் இசைக்கும், நீளும் இசைக்கும், பதிவே கிடைக்காத இசைக்கும் பொறியும் தாளும் சேர்ந்து தாமாகவே வழி மறித்துக்கொள்கின்றன. மூன்றாவதுதான் பெரிய தடை. ஒலிப்பதிவு இல்லாத படைப்பை என்னைப் போன்றவன் எப்படிப் போடுவான்? சொந்தமாக இசைக்குழு வைத்திருந்த பழைய பிபிசிக்கு அந்தத் தடை இல்லை. அதனால்தான் அதன்மீது மட்டும் கோபம் இன்னும் ஆறவில்லை போலும்.


மறுமொழி 4: நள்ளிரவு நேயன்

மூவருக்கும் நன்றி. ஒலிக்கூடத்து ஆள் எழுதியதைப் படித்துச் சிரித்தேன். பிறகு அன்றிரவே அந்த முதல் பகுதியை முழுதாகக் கேட்டேன். ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. 1954-ல், கிளாக்கும் வராத, தனியார் வானொலியும் இல்லாத அந்தக் காலத்தில், 78 வயது முதியவரின் எட்டாம் சிம்பொனியை எடுத்து ஒலிபரப்பும் எண்ணம் அதே பிபிசிக்குள் யாருக்குத் தோன்றியது?


மறுமொழி 5: பழைய ஸ்கோர்

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டீர்கள். ராபர்ட் சிம்ப்சன் என்பவருக்கு. 1951 முதல் பிபிசியில் இசை நிகழ்ச்சித் தயாரிப்பாளர். தாமும் 11 சிம்பொனிகள் எழுதியவர். பிரையனின் படைப்பைப் போல்ட்டின் கையில் சேர்த்து லண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு ஒலிபரப்பச் செய்ததும், பின்னாளில் 32 சிம்பொனிகளையும் ஒவ்வொன்றாகக் காற்றில் ஏற்றப் பாடுபட்டதும் அவர்தான். வாசிப்புக் குழுவும் காத்திருப்பு வரிசையும் இருந்த அதே கட்டடத்தில், ஒருவர் கையில் ஒரு படியை எடுத்துக்கொண்டு அறை அறையாக நடந்தார். லாய்டுக்கு டவுன்ஸ் செய்ததும் அதுதான். இந்த வரலாற்றில் மீட்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் பின்னால் அப்படி நடந்த ஒருவராவது இருக்கிறார். யாரும் நடக்காதவர்களின் பெயர்களை நாம் இந்த இழையில் எழுதவே இல்லை, ஏனென்றால் நமக்குத் தெரியாது.

சிம்ப்சன் 1980-ல், இசைக்குழுக்கள் சிலவற்றைக் கலைக்கப் பிபிசி முனைந்து, வாத்தியக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து புரோம்ஸின் தொடக்க வாரங்கள் நின்றுபோன ஆண்டில், பதவியை விட்டு விலகினார். அடுத்த ஆண்டே ஒரு சிறு நூல் எழுதினார். கிளாக்கின் ரசனை சரியா தவறா என்ற வழக்குக்குள் அதில் அவர் போகவில்லை. புரோம்ஸ் போன்ற பெருந்தொடரின் நிகழ்ச்சித் தேர்வு நெடுங்காலம் ஒரே மனிதரின் கையில் இருந்தால், அவர் எவ்வளவு நல்ல ரசனையுடையவராக இருந்தாலும், அவர் காதுக்கு எட்டாதவர்கள் ஒரு தலைமுறை முழுவதும் கேட்கப்படாமலே போவார்கள் என்பது அவருடைய வாதம். உங்கள் முதல் கேள்விக்கு அதைவிட நேரான விடையை நான் படித்ததில்லை.

பிரையனைப் பற்றி இன்னும் ஒன்று. தம் இசையைக் கேட்ட பிறகு அந்த முதியவர் சும்மா இருக்கவில்லை. 80 வயதுக்கு மேல் மட்டும் 20-க்கும் மேற்பட்ட சிம்பொனிகள் எழுதினார். அவற்றில் 21-ஆவதையும், அதற்கு முந்தைய 10-ஆவதையும் தேடிக் கேளுங்கள். அவருடைய சிம்பொனிகள் விற்பனைக்கான இசைத்தட்டாக முதலில் வந்தது அந்த இரண்டும்தான். 1972-ல் அவற்றை வாசித்துப் பதிவுசெய்தவர்கள் லெஸ்டர்ஷயர் பள்ளிகளின் மாணவர் இசைக்குழுவினர். தட்டு கடைக்கு வருவதற்கு முன், அதே ஆண்டு நவம்பரில், பிரையன் காலமானார்.